ஒரு முழ ரப்பர் குழாயும் நின்றுபோன லாரியும்

சங்ககிரியில் சரக்கேற்றிக்கொண்டு வடக்கே புறப்படும் பத்துச் சக்கர லாரி ஒன்று, சட்டம் அனுமதிக்கும் 28.5 டன் மொத்த எடையுடன் தொப்பூர் கணவாயில் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். எஞ்சின் சீராக ஓடுகிறது, டயர்களில் குறையில்லை, ஆனாலும் பின்சக்கரங்கள் இறுகி வண்டி நடுச்சாலையில் நின்றுவிடுகிறது. இறங்கிப் பார்த்தால், பின்அச்சில் பிரேக்கை இயக்கும் பிரேக் சேம்பர் என்ற கலத்துக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் ஒரு முழ நீள ரப்பர் குழாய் பிளந்திருக்கிறது. இத்தனை எடையுள்ள வண்டியை இவ்வளவு சிறிய பொருள் நிறுத்திவிடுவது எப்படி என்று புரிந்துகொண்டால், லாரியின் டூல்ஸ் பெட்டியில் எதை வைக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

மிதிவண்டியில் நாம் பிடித்தால்தான் பிரேக் பிடிக்கும். லாரியின் பின்சக்கரங்களில் உள்ள நிறுத்தப் பிரேக் (பார்க்கிங் பிரேக்) இதற்கு நேர்மாறானது. சேம்பருக்குள் இருக்கும் வலுவான சுருள்வில் எப்போதும் சக்கரத்தைப் பூட்டவே முயன்றுகொண்டிருக்கும். அதை அடக்கிவைப்பது காற்றழுத்தம்தான். 30 சதுர அங்குலப் பரப்புள்ள ஒரு சேம்பரில் சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு அழுத்தம் இருந்தால், வில்லின் மீது 1800 பவுண்டு, அதாவது 800 கிலோவுக்கும் மேற்பட்ட விசை விழுகிறது. குழாய் பிளந்து காற்று வெளியேறியதும் அந்த விசை மறைந்து, வில் வென்றுவிடுகிறது. இந்தச் சிந்தனை ரயிலிலிருந்து வந்தது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் உருவாக்கிய காற்றுப் பிரேக்கில் குழாய் அறுந்தால் பிரேக்கே இல்லாமல் போய்விடும். 1872இல் அவர் அதைத் தலைகீழாக மாற்றி, காற்று போனால் பிரேக் தானாகப் பிடிக்கும்படி செய்தார். லாரியின் உறுப்புகள் வேறு, தத்துவம் அதுவே.

ஆகவே பெட்டியில் முதல் இடம், வண்டிக்குப் பொருந்தும் அளவில் இரு முனைகளிலும் நட்டுடன் கூடிய உதிரி ஏர் ஹோஸுக்கு, அதாவது காற்றுக் குழாய்க்கு. அதைக் கழற்ற ஒரு ஸ்பேனர் போதாது; ஒன்று இணைப்பைப் பிடித்துக்கொள்ள, மற்றொன்று நட்டைத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் குழாயே முறுக்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத கசிவைக் கண்டுபிடிக்கச் சோப்புத் தண்ணீரை விடச் சிறந்த கருவி இன்னும் வந்ததாகத் தெரியவில்லை. சேம்பரின் உதரவிதானமே, அதாவது உள்ளிருக்கும் ரப்பர் சவ்வே, கிழிந்திருந்தால், அதன் பின்புறத் துளை வழியாக நீண்ட போல்ட் ஒன்றைச் செருகி, நட்டை இறுக்கி, வில்லைச் சுருக்கிப் பூட்டலாம். வண்டியை ஓரங்கட்ட மட்டுமே அது உதவும். அந்தப் போல்டைத் தொடும் முன் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்தாக வேண்டும், ஏனெனில் வில் சுருக்கி வைக்கப்பட்ட சக்கரத்துக்கு நிறுத்தப் பிரேக் கிடையாது. (மேடைப் பேச்சில் முட்டுக்கட்டைக்குக் கெட்ட பெயர், மலைப்பாதையில் அப்படியில்லை.) சேம்பரையே சாலையில் பிரிக்க முயல்வது தற்கொலைக்குச் சமம், சீறி வெளியேறும் வில் ஆளைக் கொல்லும்.

கியர்பாக்ஸோ பின்அச்சின் பல்சக்கரமான கிரவுனோ உடைந்தால் பட்டறைதான். சாலையோரத்தில் மாற்றக்கூடியவை பெரும்பாலும் வெப்பத்திலும் எண்ணெயிலும் நாட்பட்டு இறுகி வெடிக்கும் ரப்பர் பாகங்களே. பேன் பெல்ட் அவற்றில் ஒன்று. அது அறுந்தால் பல எஞ்சின்களில் தண்ணீர் பம்பும் மின்னாக்கியும் ஒருசேர நின்றுவிடும்.

டயர் மாற்றுவதில்தான் கணக்கு சுவையானது. ஜாக்கியின் சிறிய பிஸ்டன் 1 செ.மீ. விட்டமும் பெரியது 5 செ.மீ. விட்டமும் கொண்டிருந்தால் பரப்பு 25 மடங்காகிறது. கைப்பிடியின் நெம்புகோல் 20 மடங்கு தந்தால், 20 கிலோ அழுத்தம் 10 டன்னைத் தூக்கும். ஆனால் அந்தச் சுமை தரையையும் அதே அளவு அழுத்துகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 5 டன்னைத் தாங்கும் ஜாக்கியின் அடித்தட்டு 12 செ.மீ. சதுரமானால், தரையின் மீது சதுர சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 35 கிலோ விழுகிறது. சதுர அங்குலத்துக்கு 110 பவுண்டு காற்றுள்ள டயர் தருவதோ 8 கிலோவுக்கும் குறைவு. சித்திரை வெயிலில் இளகிய தாரில் ஜாக்கி அமிழ்வதன் காரணம் இதுதான். 30க்கு 40 செ.மீ. அளவுள்ள தடித்த பலகை ஒன்றை அடியில் போட்டால் அழுத்தம் 4 கிலோவாகக் குறைந்துவிடும். காசில்லாமல் கிடைக்கும் இந்தப் பலகை பல வண்டிகளில் இல்லாதது எனக்கு இன்றும் வியப்பே. பெரிய லாரிகளின் வீல் நட்டுக்கு ஏறத்தாழ 600 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும். வீல் ஸ்பேனரில் ஒரு மீட்டர் குழாயைச் செருகி அதன் நுனியில் 60 கிலோ எடையுள்ளவர் நின்றால் அது கிடைக்கும். எதிரெதிர் நட்டுகளாக இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். பூட்டு வளையம் கொண்ட ரிம் என்றால், நட்டைத் தொடும் முன்பே டயரின் காற்றை இறக்கிவிட வேண்டும்.

டீசல் தீர்ந்தாலோ பில்டரை மாற்றினாலோ டீசல் குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும் ஏர் லாக் வேறு வகை. டீசல் அநேகமாகச் சுருங்காது, அதனால் பம்ப் தரும் அழுத்தம் அப்படியே, எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை எட்டும்; இடையில் காற்றுக் குமிழி புகுந்தால் அது சுருங்கி விரிந்து அழுத்தத்தை விழுங்கிவிடும். பில்டரின் மேலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்தி, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை கைப்பம்பை அழுத்தி, திருகை இறுக்கினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். உதிரி பில்டரும் செப்பு வாஷர்களும் இதற்குப் போதும். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சினில் மட்டும், ஓடும்போது உயரழுத்தக் குழாயைத் தளர்த்தவே கூடாது. ஆயிரம் பாரைத் தாண்டிய (ஒரு பார் ஏறத்தாழ நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தம்) அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

பியூஸ்களும் 24 வோல்ட் பல்புகளும் இடத்தை அடைக்காதவை. பியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றுபவர், உருக வேண்டிய வேலையை வயரிங்கிடம் ஒப்படைக்கிறார்.

2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை வரம்பு விதிக்கு உட்பட்ட வண்டிகளில் ஸ்பேனரின் ஆட்சி சுருங்கிவிட்டது. புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க 32.5 சதவீத யூரியாக் கரைசல் தெளிக்கப்படுகிறது. அது தீர்ந்துபோனால் கணினியே எஞ்சினின் வலுவைக் குறைத்துவிடும். அதற்கு ஆட்புளூ எனப்படும் அந்தக் கரைசல் ஒரு கேன் போதும். சென்சார் ஒன்று பழுதாகி அதே தண்டனை விழும்போது, குறையைப் படிக்கும் ஸ்கேனர் பட்டறையில் இருக்கும், ஓட்டுநர் முட்டுக்கட்டை வைத்துவிட்டு ஓரத்தில் காத்திருப்பார்.