சூயஸில் பவுண்டு தோற்ற கதை

1956 ஜூலை 26 அன்று எகிப்து அதிபர் நாசர், பிரிட்டனும் பிரான்சும் பெரும்பங்கு வைத்திருந்த சூயஸ் கால்வாய் நிறுவனத்தை நாட்டுடைமையாக்கினார். அக்டோபர் 29-இல் இஸ்ரேல் எகிப்தின் சினாய் பகுதிக்குள் புகுந்தது. பின்னாலேயே பிரிட்டனும் பிரான்சும் இறங்கின. களத்தில் அவர்கள் கைதான் ஓங்கியிருந்தது. இருந்தும் நவம்பர் 6 அன்றே பிரிட்டன் போர்நிறுத்தத்துக்குச் சம்மதித்தது. டிசம்பர் முடிவதற்குள் அதன் படைகள் எகிப்தை விட்டுப் போயிருந்தன.

சோவியத் யூனியன் மிரட்டியது உண்மைதான். ஆனால் லண்டனின் கழுத்தை நெரித்தது சொந்தக் கூட்டாளியான அமெரிக்கா. அதுவும் ஒரு தோட்டாகூடச் சுடாமல்!

நடந்தது இதுதான். அப்போது ஒரு பவுண்டுக்கு 2.80 டாலர் என்று விகிதம் நிர்ணயிக்கப்பட்டிருந்தது. நெருக்கடியில் பயந்துபோனவர்கள் பவுண்டை விற்றுத் தள்ளினார்கள். விகிதம் சரியாமலிருக்க, பிரிட்டன் தன் டாலர் கையிருப்பைக் கொடுத்து அந்தப் பவுண்டுகளை வாங்க வேண்டியிருந்தது. கையிருப்பு மளமளவென்று கரைந்தது. சரி, சர்வதேச நாணய நிதியத்தில் கடன் வாங்கலாம் என்றால், அங்கே அதிக வாக்கு அமெரிக்காவுக்கு. முதலில் வெளியேற வேண்டும், பணமெல்லாம் அப்புறம்தான் என்பது அமெரிக்க அதிபர் ஐசனாவர் அரசின் நிலை. வெளியேற ஒப்புக்கொண்ட பிறகு, டிசம்பரில் 56.1 கோடி டாலர் கைக்கு வந்தது.

அமெரிக்காவின் இந்தப் பிடி 1944-இல் அந்நாட்டின் பிரெட்டன் வுட்ஸில் உருவானது. 44 நாடுகள் கூடி வகுத்த ஏற்பாட்டில் டாலர் தங்கத்தோடு கட்டப்பட்டது, அவுன்ஸ் 35 டாலர். மற்ற நாணயங்கள் டாலரோடு கட்டப்பட்டன. எல்லோருக்கும் டாலர் தேவை என்றாகிவிட்டால், அதை அச்சடிப்பவர் பீரங்கியைத் தூக்க வேண்டிய தருணங்கள் குறைந்துவிடும். வல்லரசு என்றதும் நாம் கப்பல்களைத்தான் எண்ணுகிறோம். பிரிட்டனே 1889-இல், தனக்கு அடுத்த இரண்டு கடற்படைகளையும் சேர்த்தால் வரும் பலம் தன்னிடம் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. ஆனால் அந்நாளில் உலக வணிகத்துக்குக் கடன் தந்ததும் லண்டன்தான் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. உலகத்துக்கே டாலர் வேண்டுமென்றால் அமெரிக்காவிலிருந்து டாலர் வெளியே போய்க்கொண்டே இருக்க வேண்டும். போகப்போக, வெளியே கிடக்கும் டாலருக்கு ஈடுகொடுக்க உள்ளே தங்கம் போதாது. 1971 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன், டாலருக்குத் தங்கம் தருவதை நிறுத்தினார். டாலரின் ஆட்சி அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. உலகமே பழகிப்போன ஒரு நாணயத்தை விட்டு விலக, எல்லோரும் சேர்ந்தே விலக வேண்டும். முதலில் விலகுபவருக்குத்தான் நஷ்டம்.