வெனீர் – மரத்தகடு

தச்சர்களும் மரக்கடைக்காரர்களும் ‘வெனீர்’ என்று வழங்குவது, உருளை மரத்திலிருந்து சீவியெடுக்கும் மெல்லிய ஏட்டையே ஆகும். தேவையானவற்றை அமைத்துக் கொடுத்தலைக் குறிக்கும் ‘ஃபூர்னீர்’ என்ற பிரெஞ்சு வினை, ஜெர்மன் மொழியில் ‘ஃபூர்னியர்’ என வழங்கி, அங்கிருந்து ஆங்கிலம் சென்று இவ்வடிவம் பெற்றது. எளிய மரத்தின்மேல் உயர்ந்த மரத்தின் ஏட்டை ஒட்டி அழகூட்டும் கைவினையோடு வளர்ந்த சொல்லாதலால், மேற்பூச்சு என்ற பொருளும் அதனுடன் நிலைத்துவிட்டது.

அப்பொருளை மட்டும் கொண்டு ‘மேலொட்டு’ என்று பெயர்ப்பது கட்டுமான மரத்துக்குப் பொருந்தாது. ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஏடுகளை, இழைகள் ஒரே திசையில் அமையுமாறு அடுக்கிப் பசையிட்டு அழுத்திச் செய்யும் உத்தரத்தில், சுமை முழுவதையும் அந்த ஏடுகளே தாங்குகின்றன. ‘மரச்சீவல்’ என்பதோ இழைப்புளியிலிருந்து விழும் கழிவை நினைவூட்டும். ஆகவே ‘மரத்தகடு’ என்பதே தகுந்த சொல் என்று கருதுகிறேன். இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஒட்டியதை வழக்கம்போல் ‘ஒட்டுப்பலகை’ என்றும், மேற்சொன்ன உத்தர மரத்தை ‘இணையிழை அடுக்குமரம்’ என்றும் பிரித்து வழங்கலாம்.

மரத்தகட்டின் வலிமை பெரும்பாலும் காட்டிலேயே முடிவாகிவிடுகிறது. எடுத்துக்காட்டாக, நியூசிலாந்தின் வளர்ப்புக் காடுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு ரேடியாட்டா பைன் மரங்களே. அவற்றைப் பொதுவாக 25 முதல் 30 ஆண்டுகளில் வெட்டுகிறார்கள். தண்டின் நடுவே முதல் பத்து வளையங்கள் வரையிலான இளமரத்தில், உயிரணுச் சுவரின் நுண்ணிழைகள் தண்டின் நீளவாட்டிலிருந்து மிகுதியாகச் சாய்ந்திருப்பதாலும் அடர்த்தி குறைவாக இருப்பதாலும் விறைப்பு, அதாவது வளையாமல் நிற்கும் தன்மை, குறைகிறது. மரங்களை அகல இடைவெளியில் நட்டு, விரைந்து பருக்கவிட்டு, முன்கூட்டியே வெட்டினால் இளமரத்தின் பங்கு மிகும். கிளைகள் தடித்துக் கணுக்களும் பெரிதாகும். அடிக்கிளைகளை இளம்பருவத்திலேயே கழித்துவிட்டால், அதன்பின் படரும் வெளிமரம் கணுவின்றி வளரும்.

அடுக்கி ஒட்டுவதால் கணுக்கள் வெவ்வேறு தகடுகளில் சிதறி, ஒரே இடத்தில் உத்தரத்தை நலிவாக்காமல் போகின்றன. இது அடுக்குமரத்தின் பெரும் நன்மை. ஆயினும் தகடுகளில் இல்லாத விறைப்பை எந்தப் பசையும் தந்துவிடாது.

சீவும் முறைக்கும் இதில் பங்குண்டு. உருளை மரத்தைச் சுழற்றிக் கத்தியால் சீவுகையில், வளைந்திருந்த தகடு கத்தியருகே நிமிரும்போது அதன் உட்புறத்தில் நுண்வெடிப்புகள் தோன்றி, சறுக்குத் தகைவை (மரத்தின் ஒரு பகுதியை மற்றொன்றின்மேல் வழுக்கச் செய்யும் விசையை) தாங்கும் ஆற்றலைக் குறைக்கின்றன. மரத்தை முன்னதாக ஆவியில் பதப்படுத்துவதும், கத்திக்கு முன்னே அழுத்துகோல் பொருத்துவதும் இதைத் தணிக்கும். பின்னர், ஒவ்வொரு தகட்டிலும் ஒலியலை பாயும் வேகத்தை அளந்து, அதன் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கி விறைப்பைக் கணித்துத் தரம் பிரிக்கிறார்கள். வேகம் மிகுந்த தகடுகளே சுமைதாங்கும் உத்தரங்களுக்குச் செல்கின்றன.