பாதி வேலை மணலுக்கு

எங்கள் வளவில் மழையே படாத மண் ஒரு முழ அகலத்துக்குத்தான் இருந்தது. தொழுவத்துச் சுவரை ஒட்டி, ஓட்டுச் சாய்ப்புக்குக் கீழே. மாவு போல் கிடக்கும் அந்தப் புழுதியில், யாரோ கட்டைவிரலால் அழுத்தி எடுத்த மாதிரி பத்துப் பன்னிரண்டு குழிகள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் எங்கள் பிழைப்பு அங்கேதான். குழியோடு சேர்த்து ஒரு சிரட்டை மண்ணை அள்ளி மெதுவாக ஊதினால் தூசி பறந்துவிடும்; ஒரே ஒரு பொட்டுத் தூசி மட்டும் பறக்காமல் நகரும். அதுதான் குழிநரி. மலையாளத்தில் இதைக் குழியானை என்பார்கள். நரியும் இல்லை, யானையும் இல்லை, இது ஒரு பூச்சியின் புழுப் பருவம்.

உள்ளங்கையில் விட்டால் கூசும். விரல் பக்கம் தலையை வைத்தால் மணிக்கட்டுப் பக்கம் போகும், திருப்பி வைத்தால் விரலுக்கு வரும். குழி பறிக்கிற வகைகளுக்குப் பின்னால் போகத்தான் தெரியும். உடம்பிலுள்ள மயிரெல்லாம் முன்பக்கம் பார்த்துச் சாய்ந்திருப்பதால் பின்னால் நுழைவது எளிது. முன்னால் யாராவது இழுத்தால் மயிர் மண்ணில் ஊன்றிக்கொள்ளும். கட்டெறும்பு மாதிரித் தன்னைவிடப் பெரியதைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டும்போது நங்கூரம் அதுதான்.

குழி பறிப்பதும் பின்னோக்கியேதான். வயிற்றின் கூர்முனையைக் கலப்பைக் கொழு போல மண்ணில் செருகி, வட்டமாகச் சுற்றி வரும். ஒவ்வொரு சுற்றும் முந்தியதைவிடச் சின்னதாகி நடுவை நோக்கிப் போகும். போகிற போக்கில் தட்டையான தலையால் மண்ணை வெளியே எற்றும்.

சிறுவயதில் நான் நினைத்தது, அது சுவரைப் பார்த்துப் பார்த்துச் செதுக்குகிறது என்று. இல்லை. அது நடுவிலிருந்து மண்ணை எடுக்கிறது, அவ்வளவுதான். சரிவை உண்டாக்குவது மணல்.

களத்தில் நெல்லைக் குவிக்கும்போது பார்த்திருப்பீர்கள். உச்சியில் கொட்டக் கொட்டக் குவியல் அகலமாகும், உயரமாகும். ஆனால் பக்கத்துச் சாய்வு மாறவே மாறாது. அதற்கு மேல் செங்குத்தாக நிற்க முயன்றால் நெல் சரிந்து பழைய சாய்வுக்கே வந்துவிடும். மணிக்கு மணி உள்ள உராய்வு தாங்கக்கூடிய எல்லை அது. உலர்ந்த மணலுக்கு ஏறக்குறைய 30 முதல் 35 டிகிரி. தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்பு இயற்பியல் பாடநூலில் இந்த எல்லைச் சாய்வுக்கு, அதாவது சறுக்குக் கோணத்துக்கு, உதாரணமாக இந்தப் பூச்சியின் குழியும் வருகிறது. நான் படித்த காலத்தில் மரக்கட்டையும் சாய்தளமும்தான்!

குழிநரியின் குழி தலைகீழாகக் கவிழ்த்த நெற்குவியல். அதன் சுவர் முழுக்க அந்த எல்லையிலேயே நிற்கிறது. இன்னும் ஒரு துளி பாரம் வந்தாலும் சரிய வேண்டியதுதான். எறும்பு காலை வைக்கிறது. அந்தத் துளி பாரம் வந்துவிட்டது. அது மேலே ஏற முயலும்போதெல்லாம் காலடி மண் கீழே போகிறது. அப்போது அடியிலிருந்து இவர் மண்ணை வாரி எற்றுவார். எறும்பைக் குறிபார்த்து அடிக்கிறது என்று நாங்கள் பந்தயம் கட்டுவோம். எறும்பின் மேல் விழாவிட்டாலும் நஷ்டமில்லை. அடி மண்ணைத் தோண்டி எடுத்தால் மேல் மண் இறங்கியாக வேண்டும், எறும்பும் கூடவே இறங்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பொலி தூற்றும்போது கனமான நெல் பக்கத்தில் விழும், பதர் காற்றோடு தூரம் போகும். இங்கே நேர் எதிர். காற்றில்லாத இடத்தில் மண்ணை வீசினால் பெரிய மணி தூரம் போய் விழும். நைசான மணியைக் காற்றின் தடை பிடித்து நிறுத்தும், அது கிட்டத்திலேயே விழும். வீச வீசக் குழியின் சுவரில் நைசு மண் மட்டும் தங்குகிறது. சொளகு இல்லாமலே புடைத்த மாதிரி.

ஈரம் பட்டால் இந்தக் கணக்கெல்லாம் தப்பிவிடும். திருச்செந்தூர்க் கடற்கரையில் ஈரமணலில் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், நனைந்த மணல் சுவர் போல நிற்கும். தண்ணீர் மணிகளை ஒட்ட வைத்துவிடுகிறது. ஐப்பசி அடைமழையில் சாரல் அடித்தால் எங்கள் குழிகள் காணாமல் போகும். நன்றாகக் காய்ந்த பிறகுதான் மறுபடி முளைக்கும். சாய்ப்புக்குக் கீழே அது ஏன் குடியிருந்தது என்பது எனக்கு விளங்க இவ்வளவு வருஷம் ஆயிற்று.

சரி, எறும்பு அடிக்கு வந்தபிறகு? அரிவாள் போன்ற இரண்டு தாடைகள் கவ்வும். ஒவ்வொன்றும் உள்ளே குழல். அதன் வழியே விஷமும் செரிக்கும் நீரும் எறும்புக்குள் போகும், கரைந்ததை அதே வழியில் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு வெறும் கூட்டை வெளியே எற்றிவிடும். பிள்ளையார் எறும்பைப் போட்டால் பாவம் என்று நாங்கள் சிவப்பெறும்பாகத் தேடிப் போடுவோம்.

எறும்பு கிடைக்காத நேரத்தில் ஈர்க்குச்சியால் குழியோரத்தைச் சுரண்டி அதை ஏமாற்றுவதும் உண்டு. அதிர்வை உணர்ந்து மண்ணை எற்றும். 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், இரை விழுவதற்குச் சற்று முன்பு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மணலை உதிர்த்துப் பழக்கினார்கள். அந்தக் குறிப்பைக் கற்றுக்கொண்டவை இரையை வேகமாக உறிஞ்சி, சீக்கிரம் அடுத்த பருவத்துக்குப் போயின. ஆக, அதற்குப் படிப்பு ஏறும். நாங்கள் சொல்லிக்கொடுத்தது வெறும் பொய்.

ஒரு தடவை ஒன்றைத் தீப்பெட்டியில் மண்ணோடு போட்டு வைத்திருந்தேன். “ஏலே, தீப்பெட்டிய எங்கலே கொண்டு போன?” என்று ஆச்சி அடுப்படியிலிருந்து கத்தினாள். உத்திரத்தின் மேல் ஒளித்துவிட்டு மறந்தும் போனேன். பிறகு திறந்தபோது பூச்சி இல்லை, பட்டாணி அளவில் மண் உருண்டை ஒன்று கிடந்தது. ஆட்டுப் புழுக்கை என்று நினைத்துத் தூர எறிந்தேன்.

அது கூடு. பட்டுப்புழு வாயால் நூல் விடும். குழிநரி, கழிவைப் பிரிக்கும் குழல்களில் பட்டைச் சுரந்து பின்பக்கமாக விடுகிறது. அந்த நூலில் மணலை ஒட்டி உருண்டையாக்கி உள்ளே உறங்கும். வெளியே வருவது தட்டான் மாதிரி நீள இறகுள்ள பூச்சி. தட்டானுக்கு உணர்கொம்பு இருப்பதே தெரியாது. இதற்கு நுனி தடித்து நீளமாக இருக்கும். ராத்திரி ட்யூப்லைட்டைச் சுற்றித் தள்ளாடிப் பறக்கும் மெலிந்த தட்டானைப் பார்த்திருந்தால், அனேகமாக அது இதுதான்.

புழுவாக இருந்தவரை அதற்கு மலம் கழிக்க வழியே கிடையாது. குடல் நடுவில் அடைபட்டிருக்கும். எறும்பின் சாற்றில் செரிக்காமல் மிஞ்சியதெல்லாம் உள்ளேயே சேரும். இரை குறைவான இடத்தில் இந்தப் பருவம் இரண்டு மூன்று வருஷம்கூட நீளும். இறகு முளைத்து வெளியே வந்தபிறகுதான் அத்தனையும் ஒரு சிறு கட்டியாக விழுகிறது.