விலை உச்சவரம்பு

ஒரு பொருளை இந்த விலைக்கு மேல் விற்கக் கூடாது என்று அரசு சட்டப்படி விதிக்கும் எல்லைதான் விலை உச்சவரம்பு. இலங்கையில் இதைக் 'கட்டுப்பாட்டு விலை' என்பார்கள். நம் தாத்தா பாட்டி காலத்தில் 'கன்ட்ரோல் விலை'.

கன்ட்ரோல் என்ற சொல்லின் வேர் பழைய பிரெஞ்சில் இருக்கிறது. கணக்கைச் சரிபார்ப்பதற்காகத் தனியே வைத்திருந்த இரண்டாவது ஏட்டுக்கு அந்தப் பெயர். மேற்பார்வை, அடக்கிவைத்தல் என்ற பொருள்கள் பின்னால் வந்தவை. உச்சவரம்பில் இருப்பதோ நம் வயல் வரம்பு. தமிழ்நாட்டின் 1961ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தை ஒட்டி 'நில உச்சவரம்பு' ஊரறிந்த சொல்லாகிவிட்டது. 'கட்டுப்பாட்டு விலை'யைவிட 'உச்சவரம்பு' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. விவசாயிக்குக் குறைந்தது இவ்வளவு கொடு என்பதும் விலைக் கட்டுப்பாடுதானே? உச்சவரம்பு என்றால் அந்தக் குழப்பம் இல்லை. அப்புறம், இந்தியாவில் பாக்கெட்டில் இருக்கும் எம்.ஆர்.பி. (அதிகபட்ச சில்லறை விலை) வேறு, அது பெரும்பாலும் தயாரிப்பாளரே போடுவது.

சரி, வரம்பு போட்டால் விலை நிற்குமா? 2021 செப்டம்பர் தொடக்கத்தில் இலங்கையின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை வர்த்தமானியில் (அரசிதழில்) அரிசி விலையை அறிவித்தது: கிலோ நாட்டரிசி 98 ரூபாய், சம்பா 103, கீரி சம்பா 125. நெல்லுக்குக் கொடுத்த விலையைப் பார்த்தால் இது கட்டுப்படியாகாது என்றார்கள் ஆலைக்காரர்கள். கடைகளில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. அந்த மாதம் முடிவதற்குள் வர்த்தமானி இரத்தானது. ஆலைக்காரர்கள் அறிவித்த விலை நாட்டரிசிக்கு 115, சம்பாவுக்கு 140, கீரி சம்பாவுக்கு 165.

அடக்க விலைக்கும் கீழே வரம்பு வைத்தால் இப்படித்தான் ஆகும். மூட்டை பின்கட்டுக்குப் போகும், தெரிந்தவர்களுக்கு மட்டும் கூடுதல் விலையில் ரசீது இல்லாமல் வெளியே வரும். நல்ல அரிசியில் மட்டத்தைக் கலப்பார்கள். ஆலைக்காரர் தன் நட்டத்தை நெல் விலையில் கழிக்கப் பார்ப்பார். அடி விழுவது விவசாயிக்கு. கடனுக்குச் சாமான் வாங்கும் கூலிக் குடும்பம்தான் கடைசியில் வெறுங்கையோடு திரும்பும்.

அதற்காக உச்சவரம்பே கூடாது என்று சொல்லமாட்டேன். நாலைந்து பெரிய ஆலைகள் சரக்கை அமுக்கி விலையை ஏற்றும்போது, அடக்க விலைக்குச் சற்று மேலே வைக்கும் வரம்பு அந்தக் கொள்ளை லாபத்தை மட்டும் வெட்டும். அப்போதும் அரசின் களஞ்சியத்தில் சந்தைக்கு விட நெல் இருக்க வேண்டும்.