“நான் காசு வாங்கவில்லையே, சார்”

“என் மகன் யாரிடமும் ஒரு காசு வாங்கவில்லை, வக்கீலய்யா” என்று அந்தத் தாய் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தபடி மூன்றாவது முறையாகச் சொன்னார். பக்கத்தில் தலைகுனிந்து நின்ற மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவன். புதிதாக வெளிவரும் திரைப்படங்களையும் இணையத் தொடர்களையும் டெலிகிராம் சேனல் ஒன்றில் பதிவேற்றி வந்திருக்கிறான். விடுதி நண்பர்கள் நாற்பது பேருக்காகத் தொடங்கிய சேனலில் ஆறாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். கட்டணமும் இல்லை, விளம்பரமும் இல்லை; ‘நன்றி அண்ணே’ என்று வந்து விழுந்த செய்திகள்தான் அவன் கண்ட வரும்படி. காவல்துறையினர் கைபேசியைக் கைப்பற்றிச் சென்ற பிறகே வீட்டில் விஷயம் தெரிந்தது.

காரைக்குடியில் வழக்கறிஞராகத் தொழில் செய்யும் நான், சட்ட விழிப்புணர்வு முகாம்களுக்காக இந்த வட்டாரத்துக் கல்லூரிகளுக்கு அவ்வப்போது போவதுண்டு. அங்கே சந்திக்கும் பிள்ளைகள் நேர்மையற்றவர்கள் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. அவர்களுக்கென்று ஓர் அறக்கணக்கு இருக்கிறது. காசு பார்த்தால் அது திருட்டு. பார்க்காவிட்டால் அது உதவி. கடை போட்டு டிவிடி விற்றவனைக் குற்றவாளி என்பார்கள். லிங்க் அனுப்பிய நண்பனை நல்லவன் என்பார்கள். சட்டம் இந்தக் கணக்கைப் போடுவதில்லை என்பதைத்தான் அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 63-ஆம் பிரிவு, உரிமை மீறல் தெரிந்தே நடந்ததா என்று கேட்கிறது. ஆதாயம் கிடைத்ததா என்று கேட்பதில்லை. குறைந்தது 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் அதில் சொல்லப்பட்டுள்ளன. வணிக ஆதாயத்துக்காகச் செய்யப்படாத மீறல் என்றால், தகுந்த சிறப்புக் காரணங்களைத் தீர்ப்பில் பதிவு செய்து, நீதிமன்றம் அந்தக் குறைந்தபட்ச அளவுக்கும் கீழே தண்டனையைக் குறைக்கலாம். ஆக, அந்தத் தாயின் வாதத்துக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அந்த இடம் முகப்பில் இல்லை, பின்கட்டில் இருக்கிறது. வழக்கு முழுவதையும் கடந்துதான் அங்கே போய்ச் சேர வேண்டும். இந்தக் குற்றம் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கது, பிணையில் விடத்தகாதது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்திருக்கிறது. பிணையே கிடைக்காது என்பது அதன் பொருளல்ல. காவல் நிலையத்தில் உரிமையாகக் கேட்க முடியாது, நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும் என்பதே பொருள்.

“நான் இறக்கிப் பார்க்கத்தானே செய்தேன்” என்பது அடுத்தபடியாக நான் அதிகம் கேட்கும் பதில். டோரண்ட் வழியாக இறக்குபவர் இப்படிச் சொல்ல முடியாது. அந்தத் தொழில்நுட்பத்தில் கோப்பு துண்டு துண்டாக வந்துகொண்டிருக்கும்போதே, வந்து சேர்ந்த துண்டுகள் உங்கள் கணினியிலிருந்து முகம் தெரியாத பிறருக்குப் போய்க்கொண்டிருக்கும். பார்வையாளராக உட்கார்ந்திருப்பதாக நினைக்கும் மாணவர், அந்த நேரத்தில் விநியோகஸ்தராகவும் இருக்கிறார்.

திரையரங்கில் நாயகன் தோன்றும் காட்சியை முப்பது விநாடி படம்பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பதைக் குற்றமாக நினைக்கும் மாணவர் எவரையும் நான் இதுவரை பார்க்கவில்லை. ஆனால் 2023-இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டம், அனுமதியின்றிப் பிரதி எடுக்கும் நோக்கத்துடன் அரங்குக்குள் பதிவு செய்வதைத் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. படத்தின் ஒரு பகுதியானாலும் அதில் அடங்கும். 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. அபராதம் குறைந்தது 3 லட்சம் ரூபாய், அது கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை உயரலாம். நூறு கோடிப் படம் என்றால் அது ஐந்து கோடி. டிஜிட்டல் திரையிடலில் கண்ணுக்குத் தெரியாத அடையாளக் குறி படத்தோடு பதிந்திருப்பதால், கசிந்த பிரதி எந்த அரங்கில், எந்தக் காட்சியில் எடுக்கப்பட்டது என்பதைக் கண்டுபிடித்துவிட முடியும்.

தமிழ்நாட்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தில் 2004-இல் திருட்டு வீடியோக்காரர்களும் சேர்க்கப்பட்டார்கள் என்பதைச் சொல்லிச் சில பேச்சாளர்கள் மாணவர்களை மிரட்டுவதுண்டு. அது இதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கான தடுப்புக்காவல் ஏற்பாடு. விடுதிப் பையன்களிடம் அதைக் காட்டிப் பயமுறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஒரு முகாமில் மாணவர் ஒருவர் எழுந்து நியாயமாகவே கேட்டார்: “நான் பார்த்ததால் அவர்களிடம் இருந்த எதுவும் குறையவில்லையே, சார்?” நான் பதில் சொல்வதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி பேசினார். அவருடைய தந்தை கைத்தறியில் கண்டாங்கிச் சேலை நெய்பவர். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும், அதே கட்டத்தையும் அதே கரையையும் விசைத்தறியில் போட்டுப் பாதி விலைக்கு விற்கிறார்கள். “எங்கள் தறியிலிருந்து ஒரு நூலைக்கூட அவர்கள் எடுக்கவில்லை. ஆனால் அப்பாவுக்குப் பாவு ஓடுவது குறைந்துவிட்டது” என்றார். கேள்வி கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். நான் தயாரித்துக்கொண்டு போயிருந்த உதாரணத்தைச் சொல்லவே இல்லை.

சினிமாக்காரர்கள் எல்லாம் எங்கோ சென்னையில் இருக்கும் கோடீஸ்வரர்கள் என்ற நினைப்பும் பிள்ளைகளிடம் உண்டு. காரைக்குடிக்காரரும் ஏவிஎம் நிறுவனருமான ஏ. வி. மெய்யப்பனின் ஸ்டூடியோ 1940-களில் சில ஆண்டுகள் நம் தேவகோட்டை ரஸ்தாவில்தான் இயங்கியது என்றால் நம்ப மறுக்கிறார்கள். பாரதியார் பாடல்களைத் திரைப்படத்திலும் இசைத்தட்டிலும் பயன்படுத்தும் உரிமையை அவர் விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தார். பாரதியின் படைப்புகள் நாட்டுடைமையான 1949-இல், பணம் எதுவும் பெறாமல் அதை அரசுக்கு விட்டுக்கொடுத்தார். இலவசமாகக் கொடுக்கும் தகுதி உரிமையாளருக்கு மட்டுமே உண்டு என்பதை விளக்க இதைவிட நல்ல உள்ளூர்ச் சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

மாணவர்களின் குறைகளில் உண்மையும் இருக்கிறது. ஒரு தொடருக்கு ஒரு தளம், அடுத்த தொடருக்கு வேறொரு தளம் என்று நான்கு சந்தா கட்ட விடுதி மாணவரால் முடியாது. ஆனால் அந்தக் குறைக்கு அவர்கள் தேடும் மருந்து நோயைவிட மோசமாகிவிடுகிறது. ‘எல்லாத் தளமும் இலவசம்’ என்று வரும் ஏபிகே கோப்பை (கைபேசிச் செயலியை நிறுவும் கோப்பு) நிறுவி, குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியையும் அதற்குக் கொடுத்துவிட்டு, ஓடிபி வழியாகக் கல்விக்கடன் பணத்தை இழந்த ஒருவரின் புகாரை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அப்படி நேர்ந்தால் முதல் வேலையாக இணையவழிப் பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைத்துவிட வேண்டும். வக்கீலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த இரண்டாம் ஆண்டு மாணவனுக்குப் பிணை கிடைத்துவிட்டது. கைபேசி மட்டும் வழக்குச் சொத்தாக இருப்பதால், அதைத் திரும்பப் பெற, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497-ஆம் பிரிவின் கீழ் மனுச் செய்திருக்கிறோம். செமஸ்டர் தேர்வுக்கான குறிப்புகள் முழுவதும் அதில்தான் இருக்கின்றன என்று சொல்லி, அவன் வாரம் ஒருமுறை அலுவலகத்துக்கு வந்து விசாரித்துவிட்டுப் போகிறான்.