பட்டாவில் பெயர் இல்லாதவர்கள்

விருத்தாசலத்தில் வக்கீலாக இருக்கிறேன். நெய்வேலி சுரங்கத்துக்கு நிலம் போனவர்களின் இழப்பீட்டு வழக்குகள்தான் என்னிடம் அதிகம். போன வருடம் வந்த ஓர் அம்மாவுக்குச் சொந்த நிலமே கிடையாது. பதினெட்டு வருடமாக ஒரே முந்திரித் தோப்பைக் குத்தகைக்குப் பார்த்தவர். தோப்புக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு மகனோடு கடலூருக்குக் குடிபோய்விட்டார். "எனக்கு எதுனா உண்டா சார்?" என்று மஞ்சள் பையை மேசைமேல் வைத்தார். உள்ளே ரேஷன் கார்டு, நூறு நாள் வேலை அட்டை, முந்திரிக்கொட்டை விற்றபோது கொடுத்த, கசங்கிய ஐந்து எடைச் சீட்டுகள்.

உண்டு. 2013 நில எடுப்புச் சட்டத்தில் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்றால் பட்டாதாரர் மட்டும் இல்லை. நிலம் எடுப்பதற்கு முன் மூன்று வருடம் அங்கே வேலை செய்து, அதுவே முக்கியப் பிழைப்பாக இருந்த குத்தகைதாரர், வாரதாரர் (விளைச்சலில் பங்கு பேசிப் பயிரிடுபவர்), விவசாயக் கூலி எல்லாரும் அதில் வருவார்கள். விதவைகளும் கைவிடப்பட்ட பெண்களும் தனிக் குடும்பம். நிலத்தின் விலையில் பங்கு கிடைக்காவிட்டாலும், இவர்கள் மறுவாழ்வு உதவி கேட்கலாம். ஆனால் அந்த மூன்று வருடத்தை எதை வைத்துக் காட்டுவது? குத்தகை இங்கே வாய்ப்பேச்சுதான். குத்தகை உரிமையைப் பதிய 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. பதியச் சொன்னால் அடுத்த வருடம் தோப்பு கிடைக்காது என்ற பயம். கிராமத்தின் சாகுபடிக் கணக்கான அடங்கலில் நில உடைமையாளர் பெயரே இருக்கும்.

1957-இல் வெட்டத் தொடங்கிய சுரங்கம் இது. வேலை, டவுன்ஷிப், கரண்ட் எல்லாம் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் ஒரு தோப்பு போனால் கொட்டை பொறுக்கியவர், உடைத்தவர், பக்கத்தில் டீக்கடை வைத்தவர் என்று எத்தனை பேர் பிழைப்பு சேர்ந்து போகிறது! எல்லைக்கு வெளியே இருப்பவருக்கும் கஷ்டம் உண்டு. நிலக்கரிக்கு அடியில் ஊற்றுநீர் அழுத்தத்தோடு நிற்பதால், அதை இரவு பகலாக இறைத்தால்தான் வெட்ட முடியும். போர்வெல்லை இன்னும் ஆழமாக இறக்கக் கடன் வாங்கியதாகச் சொல்லும் விவசாயிகளுக்கு எந்தக் கோப்பிலும் இடமில்லை.

அதனால் நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காதீர்கள். எடைச் சீட்டு, கொள்முதல் நிலைய ரசீது, நூறு நாள் அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்று எதையும் தூக்கிப் போடாதீர்கள். குத்தகைப் பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்களைக் கணக்கெடுக்க ஆள் வரும் நாளில் வீட்டில் இருந்து, பெயர் ஏறியதா என்று பாருங்கள். விடுபட்டால் உடனே எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். பட்டாதாரர்களுக்கும் ஒன்று: தொகை குறைவென்று தோன்றினால், 'ஆட்சேபணையுடன் பெறுகிறேன்' என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அந்த அம்மாவின் சீட்டுகளில் இரண்டில் மை அழிந்துவிட்டது. மற்ற மூன்றையும் நகலெடுத்து மனுவோடு சேர்த்திருக்கிறோம்.