காற்றைக் குழப்பும் கட்டடங்கள்

நியூயார்க்கில் 432 பார்க் அவென்யூ என்று ஒரு குடியிருப்புக் கோபுரம் இருக்கிறது. அதன் படத்தை அனுப்பி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பன்னிரண்டு மாடிக்கு ஒருமுறை இரண்டு மாடிகளை ஜன்னல்கூடப் போடாமல் வெறும் சட்டமாக விட்டுவைத்திருக்கிறார்களே, ஏன்? அந்த ஊரில் சதுர அடி என்ன விலை விற்கிறது! இதுவும் ஏதாவது வாஸ்து சமாச்சாரமா?”

அப்படிச் சந்தேகப்படுவதற்கு இடமில்லாமல் இல்லை. ஹாங்காங்கின் ரிபல்ஸ் பே கடற்கரையில் ஒரு பெரிய குடியிருப்பின் நடுவே சதுரமாக ஓர் ஓட்டை இருக்கிறது. மலையில் வசிக்கும் டிராகன் கடலுக்குப் போய்வர வழி விட்டிருக்கிறார்கள் என்று சொல்வார்கள். நியூயார்க்கிலும் பல கட்டடங்களில் லிஃப்ட் பன்னிரண்டிலிருந்து நேராகப் பதினான்காம் மாடிக்குத் தாவும். பதின்மூன்று ராசியில்லாத எண்ணாம். மூடநம்பிக்கை எந்தக் கண்டத்துக்கும் தனிச்சொத்து அல்ல.

ஆனால் 432 பார்க்கின் திறந்த மாடிகள் காற்றுக்காக விடப்பட்டவை. கட்டடக் கலைஞர் ரஃபேல் வினோலி வடிவமைத்து 2015-ல் முடிந்த இந்தக் கோபுரத்தின் உயரம் 426 மீட்டர். அடிப்பக்கம் சுமார் 28.5 மீட்டர் சதுரம். அதாவது அகலத்தைப் போல் பதினைந்து மடங்கு உயரம். மன்ஹாட்டனில் மனை சிறியது, விலை பெரியது. பக்கத்து மனைக்காரர்கள் கட்டாமல் விட்டிருக்கும் உயரத்துக்கான உரிமையை விலைக்கு வாங்கி நம் மனையின் மேல் அடுக்கிக்கொள்ளலாம் என்று அந்நகரச் சட்டம் அனுமதிக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்தால் பென்சில் மாதிரி கட்டடம்தான் முளைக்கும். அருகிலேயே இதைவிட ஒல்லியாக, 24 மடங்கு உயரத்தோடு, 111 வெஸ்ட் 57-ஆம் தெருக் கோபுரமும் வந்துவிட்டது.

சரி, காற்று அடித்தால் இப்படிப்பட்ட கட்டடம் எந்தப் பக்கம் ஆடும்? காற்று போகிற திசையில் என்றுதான் யாரும் சொல்வார்கள். அப்படிச் சாய்வதும் உண்டு. அதைக் கணக்குப் போட்டுச் சமாளிப்பது பொறியாளர்களுக்குப் பெரிய காரியமில்லை. அவர்களைப் படுத்துவது வேறொன்று. கிழக்கிலிருந்து காற்று அடித்தால் ஒல்லிக் கட்டடம் வடக்கும் தெற்குமாக ஆடுகிறது. காற்றுக்குக் குறுக்கே!

காற்று கட்டடத்தின் முகத்தில் மோதி இரண்டாகப் பிரிகிறது. மூலைக்கு வந்ததும் சட்டென்று திரும்பிப் பக்கச்சுவரை ஒட்டி ஓட வேண்டும். அந்த வேகத்தில் அதனால் திரும்ப முடியாது. சுவரை விட்டு விலகிவிடுகிறது. விலகிய காற்றின் ஓரம் உட்பக்கமாகச் சுருண்டு சுழலாகிறது. இடது மூலையில் ஒரு சுழல், வலது மூலையில் ஒரு சுழல். இரண்டும் சமமாக, பக்கத்துக்கு ஒன்றாக அமைதியாக வளர்ந்தால் வம்பே இல்லை. ஆனால் அந்தச் சமநிலை நிலைக்காது. இடப்பக்கச் சுழல் துளி பெரிதானாலும் போதும், கட்டடத்தின் முதுகுக்குப் பின்னாலிருந்து வலப்பக்கக் காற்றைத் தன்னை நோக்கி இழுக்கத் தொடங்கும். வலப்பக்கக் காற்று எதிர்த்திசையில் சுழல்வது. அது குறுக்கே பாய்ந்து வந்து, இடப்பக்கச் சுழலுக்குத் தீனி வந்துகொண்டிருந்த வழியைத் துண்டித்துவிடும். தீனி நின்ற சுழல் கழன்று காற்றோடு போய்விடும். இப்போது வலப்பக்கச் சுழல் பெரிதாக இருக்கிறது. அதற்கும் அதே கதி. தன் வளர்ச்சியாலேயே தன்னை அறுக்கும் ஆளைத் தானே வரவழைத்துக்கொள்கிறது ஒவ்வொரு சுழலும். நீரும் காற்றும் ஓடும் விதத்தை ஆராயும் பாய்ம இயக்கவியலில் எனக்கு இதைவிடப் பிடித்த காட்சி கிடையாது.

சுழலுக்குள் அழுத்தம் குறைவு. ஆகவே எந்தப் பக்கம் சுழல் வளர்கிறதோ அந்தப் பக்கம் கட்டடம் இழுபடுகிறது. இடம், வலம், இடம், வலம்.

இந்தச் சுழல் வரிசைக்குக் கணிதம் கொடுத்தவர் தியோடர் வான் கார்மன். 1911 வாக்கில் ஜெர்மனியின் கோட்டிங்கனில் அவர் இளம் ஆராய்ச்சியாளர். அங்கே பேராசிரியர் லுட்விக் பிராண்டிலின் மாணவர் ஹீமென்ஸ், ஓடும் நீரில் ஓர் உருளையை நிறுத்தி அழுத்தத்தை அளந்துகொண்டிருந்தார். நீரோட்டம் நிலையாக நிற்காமல் இப்படியும் அப்படியுமாக அலைந்தது. உன் உருளை சரியான வட்டம் இல்லை என்றார் பேராசிரியர். ஹீமென்ஸ் அதைத் தேய்த்துத் தேய்த்து வட்டமாக்கினார். அப்போதும் அலைந்தது. கால்வாய் கோணலாக இருக்கும் என்றார்கள், அதையும் சரிசெய்தார். கார்மன் தினம் காலையில் வந்து “ஓட்டம் இப்போது நிலையாகிவிட்டதா?” என்று விசாரிப்பாராம், “எப்போதும் ஆடுகிறது” என்று சோகமாகப் பதில் வருமாம். எவ்வளவு சரிசெய்தாலும் ஆடுகிறது என்றால் ஆடுவதுதான் அதன் இயல்பு என்று கார்மனுக்குத் தோன்றியது. உட்கார்ந்து கணக்குப் போட்டார். சமச்சீரான ஜோடிச் சுழல்கள் நிலைக்காது, மாறி மாறிக் கழலும் வரிசைதான் நிலைக்கும் என்று கணக்கு சொன்னது.

எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கழலும்? அதை 1878-லேயே செக் இயற்பியலாளர் ஸ்ட்ரூஹல் கண்டுபிடித்துவிட்டார். காற்றில் கம்பி ஏன் பாடுகிறது என்பதுதான் அவர் கேள்வி. அதிர்வெண்ணை, அதாவது விநாடிக்கு எத்தனை சுற்று என்பதை, அகலத்தால் பெருக்கி, காற்றின் வேகத்தால் வகுத்தால் ஏறக்குறைய மாறாத ஓர் எண் வருகிறது: வட்டக் கம்பிக்குச் சுமார் 0.2, சதுரத் தூணுக்குச் சுமார் 0.12. கம்பி பாடுவதை ஆராய்வதால் நாட்டுக்கு என்ன லாபம் என்று இன்றைய நிதிக் குழு எதுவாவது அவரைக் கேட்டிருந்தால் பாவம், என்ன பதில் சொல்லியிருப்பார்? அந்த எண் இல்லாமல் இன்று உலகத்தில் எங்கும் வானளாவி எழும்ப முடியாது. உடனடிப் பயன் என்ன என்று படிவத்தில் ஒரு கட்டம் போட்டு, அது நிரம்பாவிட்டால் பணம் இல்லை என்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நம் கோபுரத்துக்கு வருவோம். மணிக்கு நூறு கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 28 மீட்டர் காற்று. அவ்வளவு உயரத்தில் இது பலத்த காற்று என்றாலும் அதிசயமல்ல. அகலம் 28.5 மீட்டர். கணக்குப் போட்டால் சுமார் எட்டரை விநாடிக்கு ஒருமுறை இழுப்பு ஒரு சுற்று முடித்துத் திரும்புகிறது. நானூறு மீட்டர் உயரக் கட்டடம் ஒன்று தானாக ஒருமுறை ஆடித் திரும்பவும் ஏழிலிருந்து பத்து விநாடி ஆகும். ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்து விரலால் தள்ளினாலும் அது உயரப் போகும் அல்லவா, அதே ஒத்ததிர்வு இங்கேயும். போதாக்குறைக்கு, கட்டடம் நன்றாக ஆடத் தொடங்கிவிட்டால் அந்த ஆட்டமே சுழல்களுக்குத் தாளம் போடுகிறது. காற்றின் வேகம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் சுழல்கள் கட்டடத்தின் தாளத்தை விடுவதில்லை. (1940-ல் விழுந்த டக்கோமா பாலத்தையும் இந்தக் கணக்கிலேயே சேர்க்கும் பாடப்புத்தகங்கள் உண்டு. அது வேறு: அங்கே பாலத்தின் முறுக்கமும் காற்றும் ஒன்றையொன்று வளர்த்துவிட்டன.)

இனிதான் அந்தக் காலி மாடிகள். சுழல் என்பது மூலையில் எங்கோ ஓரிடத்தில் பிறப்பதல்ல. கட்டடத்தின் மூலை நெடுக நட்டுக்குத்தாக நிற்கும் ஒரு நீண்ட உருளை அது. தரையிலிருந்து உச்சிவரை ஒரே அகலம், ஒரே கூரான மூலை என்றால் முழு நீளத்துக்கும் ஒரே நேரத்தில் கழலப் பார்க்கும். எல்லா மாடியும் ஒரே கணத்தில் ஒரே பக்கம் இழுபடும். இந்த ஒற்றுமையைக் கலைத்துவிட்டால் போதும். பத்தாம் மாடி வடக்கே இழுபடும்போது ஐம்பதாம் மாடி தெற்கே இழுபட்டால் இரண்டும் கழிந்துவிடும். காற்றை நிறுத்த வேண்டாம், குழப்பினால் போதும். திறந்த மாடிகள் அதைத்தான் செய்கின்றன. முன்னாலிருந்து உள்ளே நுழைந்து பின்னால் வெளியேறும் காற்று, அந்த நீண்ட சுழலை ஆங்காங்கே அறுக்கிறது. முதுகுப்பக்கம் குறைந்திருக்கும் அழுத்தத்தையும் ஓரளவு நிரப்புகிறது.

துபாயின் புர்ஜ் கலீஃபா இதையே வேறு வழியில் செய்கிறது. 828 மீட்டர் உயரத்துக்கும் ஒரே அகலமாகப் போகாமல், மூன்று சிறகுகளும் ஒன்று மாற்றி ஒன்றாகப் படிப்படியாக உள்வாங்குகின்றன. ஒவ்வொரு உயரத்திலும் அகலம் வேறு, ஆகவே சுழலின் அதிர்வெண்ணும் வேறு. தைபே 101 கட்டடத்தில் கூரான மூலைகளைப் படிபோலச் செதுக்கியதிலேயே காற்றின் சுமை சுமார் கால்பங்கு குறைந்தது. ஷாங்காய் கோபுரம் உச்சிக்குப் போவதற்குள் 120 பாகை முறுகுகிறது. இதெல்லாம் வானளாவிக்காரர்களின் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். தொழிற்சாலைகளின் இரும்புப் புகைபோக்கிகளில் மேல்பகுதியைச் சுற்றித் திருகாக ஒரு தகடு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். 1950களில் பிரிட்டனில் வந்த யோசனை அது. வேலை இதே வேலைதான்.

இவ்வளவுக்குப் பிறகும் மிச்சம் ஆடுவதை அடக்க உச்சியில் ஒரு பெரும் எடையைத் தொங்கவிடுகிறார்கள். தைபே 101-ல் தொங்கும் 660 டன் இரும்புக் கோளத்தை டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். 2015 ஆகஸ்ட் புயலில் அது ஒரு மீட்டர் ஆடியது. 432 பார்க்கிலும் இப்படி எடைகள் உண்டு.

ஆட்டத்தால் கட்டடம் விழுந்துவிடும் என்பதல்ல பயம். மனிதனின் உள்காதுதான் பிரச்சினை. புவியீர்ப்பு முடுக்கத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு அளவுக்கு ஆடினாலே சிலருக்குத் தெரிந்துவிடும். நியூயார்க்கில் எழவிருந்த உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களுக்கு முன்னோட்டமாக 1965-ல் அமெரிக்காவின் யூஜீன் நகரில் ஒரு சோதனை நடத்தினார்கள். இலவசக் கண் பரிசோதனை என்று அழைத்து உட்காரவைத்து, அந்த அறையையே ஓசைப்படாமல் ஆட்டினார்கள். வந்தவர்களுக்குத் தலை சுற்றியது, எதற்கென்று தெரியவில்லை. இன்று யாராவது அப்படிச் செய்தால் வழக்கு பாயும். அந்தச் சோதனைக்குப் பிறகுதான் அந்த இரட்டைக் கோபுரங்கள் ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான அதிர்வு உறிஞ்சிகள் வைக்கப்பட்டன.

இந்தப் பொறியியலை நான் வியந்து ரசிக்கிறேன். ஆனால் நெருக்கடியான நகரத்தில் மக்களுக்கு வீடு கொடுக்க இது வழியா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். 426 மீட்டர் எழுப்பி அதில் வாழ்வது நூற்றுச் சொச்சம் குடும்பங்கள். அவர்களும் சத்தம், நீர்க்கசிவு, லிஃப்ட் நிற்பது என்று 2021-ல் நீதிமன்றம் போனார்கள். சிங்கப்பூர் அரசு வீட்டு வசதிக் கழகம் 2009-ல் முடித்த டக்ஸ்டன் பினக்கிள் குடியிருப்பில் 50 மாடிக் கட்டடங்கள் ஏழு. 26-ஆம் மாடியிலும் 50-ஆம் மாடியிலும் எல்லாவற்றையும் பாலத் தோட்டங்கள் இணைக்கின்றன. இரண்டரை ஹெக்டேரில் 1,848 வீடுகள், அதுவும் நடுத்தர வர்க்கத்துக்கு. உயரத்தில் 432 பார்க்கின் பாதிகூட இல்லை.

நம் ஊர் முப்பது மாடிக் குடியிருப்புகள் இவ்வளவு ஒல்லியல்ல, கான்கிரீட் கனமும் அதிகம். ஆனாலும் சென்னைக்கு இந்தியத் தர விதி வகுத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். புயல் கடற்கரை அல்லவா. உயரம் குறுகிய பக்கத்தைப் போல் ஐந்து மடங்கைத் தாண்டினாலோ, இயல்பு அதிர்வெண் ஒரு ஹெர்ட்ஸுக்கு (விநாடிக்கு ஓர் ஆட்டத்துக்கு) கீழே போனாலோ காற்றில் ஆடுவதைத் தனியாக ஆராய்ந்தாக வேண்டும் என்கிறது அதே விதி. அதற்கான காற்றுச் சுரங்கம் தரமணியிலேயே, மத்திய அரசின் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தில் இருக்கிறது. உயர்ந்த மாடியில் வீடு பார்க்கிறவர்கள் வாசல் எந்தத் திசை, நீச்சல் குளம் எத்தனை என்பதோடு, அந்த ஆய்வு நடந்ததா, அறிக்கையைக் காட்ட முடியுமா என்றும் பில்டரிடம் கேட்கலாம்.